சுவரை எடுத்த வகுப்பு

எதிர்வீட்டு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘இன்னொருவாட்டி’. பட்டப்பெயரை ஆளுக்குத் தெரியாமல்தான் வைப்பார்கள். இது அவருக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து பதில் சொன்னால், அதன் பக்கத்தில் போய் நின்று முகத்தைப் பார்த்து, “இன்னொருவாட்டி சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்பார். குழந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொல்லும். அவரிடம் படித்த பிள்ளைகள் வாய்க்குள் முனகமாட்டார்கள் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். என் மகளும் அவரிடம் படித்தவள்தான். இன்றைக்கும் போனில் பேசினால் பக்கத்து அறைவரை கேட்கும்.

அந்த ‘எல்லாருக்கும்’ என்பதில் முதல் ஆள் டீச்சரேதான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நாற்பது வயதைத் தாண்டியதும் அவருக்குக் காது மங்கத் தொடங்கியது. முதலில் சின்னச் சத்தங்கள் போயின. குழாய் சொட்டுவது, அடுத்த அறையில் போன் அடிப்பது, அடுப்பில் தண்ணீர் கொதிப்பது. பிறகு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பத்து என்றாலும் பட்டு என்றாலும் அவருக்கு ஒன்றுதான். டாக்டரிடம் போகவில்லை. வகுப்பறையைத் தன் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். கதவைச் சாத்தி வைப்பார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பார், வெளிச்சம் பிள்ளைகள் முகத்தில் விழும். ஒரு நேரத்தில் ஒரே குரல். பாதியைக் காது கேட்கும், மீதியைக் கண் படித்துக்கொள்ளும். அந்த நான்கு சுவருக்குள் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வீட்டில் பேசுவதற்கு முன்னால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார், டீச்சர் திரும்பியதும் பேச ஆரம்பிப்பார்.

“பார்வை மங்கினவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்பறேன். என் வீட்லயே காது மங்கின ஆள வெச்சுக்கிட்டு இருக்கேன். வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்.”

“உங்க கடை கண்ணுக்குத்தானே? காது உங்க இலாகா இல்ல.”

“கண்ணாடி மாதிரிதான்டி அதுவும். மாட்டிக்கிட்டா முடிஞ்சுது.”

“கண்ணாடி போட்டா படிச்ச களைன்னு சொல்றாங்க. காதுல மெஷின் மாட்டினா செவிட்டு டீச்சர்ன்னு சொல்வாங்க. செவிட்டு டீச்சர்கிட்ட யாரு பிள்ளைய விடுவாங்க, சொல்லுங்க?”

 அந்தப் பேச்சு வருஷத்துக்கு ஓரிரு தடவை வரும், அதே இடத்தில் நின்றுபோகும்.

பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். சுறுசுறுப்பானவர், நல்லவரும்கூட. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையும் என்னால் காட்ட முடியாது. முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னார்: “பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசித்தான் கத்துக்கறாங்க. நாமதான் அவங்க வாய மூடி வெச்சிருக்கோம். இனிமே வகுப்புன்னா நாம பேசற இடம் இல்ல, அவங்க பேசற இடம்.”

விடுமுறையில் மூன்றாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் நடுவே இருந்த சுவர்களை இடித்தார்கள். பெஞ்சுகள் போயின. சக்கரம் வைத்த மேசைகள் வந்தன. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு டேப்லட். சுவர் அகலத்துக்குத் தொடுதிரை. தரை வழவழவென்று, கூரை உயரமாக, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ‘கூட்டுக் கற்றல் கூடம்’ என்று வாசலில் வண்ண எழுத்தில் எழுதினார்கள். மூன்று ஆசிரியர்களும் இனி ஓர் இடத்தில் நிற்கக்கூடாது. மேசை மேசையாகப் போய்க் கேட்க வேண்டும், தூண்டிவிட வேண்டும், ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

கூடம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. டீச்சரும் அதை மனசாரச் சொல்வார். கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்த பையன் ஒருவன், கணக்கில் புலியான பெண்ணுக்குப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். “இத்தன வருஷம் அவன மாதிரி எத்தன பேர நான் பின்னாடியே உக்கார வெச்சேனோ” என்றார்.

ஆனால் அவருக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. டேப்லட்கள் கீச்சிட்டன. எல்லாம் அந்த வழவழத் தரையிலும் கண்ணாடியிலும் மோதித் திரும்பி வந்தன. தலையைத் தண்ணீருக்குள் வைத்தாற்போல இருந்தது என்றார். இரைச்சல் மட்டும் இருந்தது, அதில் பேச்சே இல்லை. ‘இன்னொருவாட்டி’ இங்கே செல்லுபடியாகவில்லை. ஒரு குழந்தை திருப்பிச் சொல்வதற்குள் மற்ற மூன்றும் சேர்ந்து பேசின.

அவர் வேறு வழிகள் கண்டுபிடித்தார். மேசைக்கு வந்ததும் முதலில் திரையைப் பார்ப்பார், என்ன வேலை நடக்கிறது என்று ஊகிப்பார். சிரிப்பார், தலையாட்டுவார். “ரொம்ப நல்லா இருக்கு” என்பார். குழந்தையின் முகம் அதற்குச் சுருங்கினால் கேள்வி கேட்டிருக்கிறது என்று அர்த்தம். “நீங்க நாலு பேரும் கலந்து பேசுங்க” என்று நகர்ந்துவிடுவார்.

இதில் கொடுமை என்னவென்றால், அது தலைமையாசிரியைக்கு அபாரமாகப் பிடித்துவிட்டது. “பாருங்க, இவங்க நடுவுல புகுந்து பதில் சொல்றதே இல்ல. பிள்ளைங்களயே யோசிக்க விடறாங்க” என்று மற்றவர்களிடம் புகழ்ந்தார். வேறு பள்ளிகளிலிருந்து கூடத்தைப் பார்க்க வந்தவர்களை இவர் நடக்கும் பக்கமாக அழைத்துப்போய் நிறுத்தினார். ஒரு நாள் மாலை வீட்டில் டீச்சர் இதைச் சொன்னபோது கண்ணாடிக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பிறகு கணவர் மேசையைத் தட்டினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“இது ரொம்ப நாளைக்கு ஓடாதுடி” என்றார்.

டீச்சரின் மேசைகளில் ஒன்றில் ‘பஞ்சு’ இருந்தாள். குரல் அவ்வளவு மெத்தென்று இருப்பதால் கூட இருந்த பிள்ளைகள் வைத்த பெயர். ஒல்லிப் பெண், இழுப்பு உண்டு. பையில் எப்போதும் ஒரு மூச்சு மருந்து இருக்கும். பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்வாள். அது பயத்தில் வரும் சிரிப்பு என்பது அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் எல்லா மேசைகளிலும் ‘நம்ம தெரு’ என்ற வேலை. தெருவை வரைந்து, படம் எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் குரலில் பேசிப் பதிய வேண்டும். ஒரு நாள் வண்ணப்பொடி வைத்துப் பெரிய தாளில் தெருவைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பொடி பறந்தது. பஞ்சு எழுந்து, மேசையோரம் நின்ற டீச்சரிடம் வந்தாள், சிரித்தாள், ஏதோ சொன்னாள். டீச்சர் அவள் தோளைத் தட்டினார். “ரொம்ப நல்லா இருக்கு. போய் உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள். டீச்சர் சொன்னால் கேட்கிற பெண்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை மேசையில் சாய்ந்தது. மற்ற மூன்று பிள்ளைகளும் கூச்சலிட்டார்கள். அந்தக் கூடத்தில் கூச்சல் புதிதா என்ன? சின்ன டீச்சர்தான் பார்த்தாள். மூவரில் இளையவள், மூன்றாவது பிரிவின் ஆசிரியை. ஓடி வந்து, உதடு நீலம் பாரித்திருந்த பெண்ணை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர்வீட்டு டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத்தான் திரும்பினார்.

பஞ்சு பிழைத்துக்கொண்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் அன்றைய பாதி நாள் யாரும் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியையின் அறையில் நான்கு பேர்: அம்மா, தலைமையாசிரியை, சின்ன டீச்சர், எதிர்வீட்டு டீச்சர். அம்மா கத்தவில்லை. “மூச்சு முட்டுதுன்னு டீச்சர்கிட்ட சொன்னேம்மாங்கறா. டீச்சர் நல்லா இருக்குன்னு சொல்லி உக்கார வெச்சாங்களாம். குழந்த மயக்கத்துல உளறுதா, இல்ல நெசமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“அவ வந்து நின்னா. சிரிச்சா. படத்தைப் பத்தி ஏதோ சொல்றான்னு நெனச்சேன்” என்றார் டீச்சர். அவர் பொய் சொல்லவில்லை.

சின்ன டீச்சர் கையில் அந்த மேசையின் டேப்லட் இருந்தது. பிள்ளைகள் பேசிப் பதிய ஆரம்பித்து நிறுத்த மறந்துவிட்டார்கள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மை எதுவானாலும் தெரிந்துவிட்டால் நல்லது என்று நினைத்துத்தான் அவள் அதைக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்து ஓடவிட்டாள். இரைச்சல். நாற்காலிச் சத்தம். பிறகு மற்ற மூவரின் முகமும் ஒரே கணத்தில் மாறியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு டீச்சர் காத்திருந்தார். தன் குரல் வந்தது: ‘ரொம்ப நல்லா இருக்கு. போய் உக்காரு.’ அவர் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார்.

“எங்க? அவ ஒண்ணும் பேசலயே?”

தலைமையாசிரியை சின்ன டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா...” என்றாள் சின்ன டீச்சர். மறுபடி ஓடவிட்டாள். டேப்லட்டை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். டீச்சர் குனிந்து காதை வைத்தார். அப்போதும் தன் குரலைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தபோது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது.

அம்மா எழுந்தார். “கேக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற டீச்சர்கிட்ட போம்மான்னு நான் எம்பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேனே” என்றார். கோபம்கூட இல்லாமல், ஏதோ சின்ன உதவி கேட்பதுபோலச் சொன்னார். டீச்சரை அது அறைந்தது.

அன்று சாயங்காலமே டீச்சர் மருத்துவமனைக்குப் போனார். கணவரும் கூடப் போனார், ஆனால் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். பஞ்சு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்ன என்பது டீச்சருக்கு இப்போது தெரிந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்தார்.

“நான் சத்தமா சொல்லலயா டீச்சர்?”

“நீ சரியாத்தான் சொன்னம்மா. எனக்குத்தான் காது கேக்காது.”

காது மங்கத் தொடங்கிய நாளிலிருந்து கணவரைத் தவிர எவரிடமும் சொல்லாததை அவர் முதன்முதலில் சொன்னது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம். அவள் யோசித்தாள்.

“எப்பவுமேவா?”

“ரொம்ப நாளா.”

“அப்ப நாங்க பாடினப்போ?”

“வாயப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.” மறுபடி கேட்டாள்: “நல்லா இருந்துச்சா, இல்லயா?”

 டீச்சர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர் என்ன பேசினார் என்பதே தனக்குத் தெரியாது, அவர் பக்கம் திரும்பவே இல்லை என்று டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் கண்ணாடிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு அவரை அழைத்துப்போய் இரண்டு காதுக்கும் மெஷின் போட்டுக் கூட்டிவந்தார். வந்ததும் டீச்சர் சொன்னதை அவர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்: “நீங்க டீ குடிக்கறப்போ இவ்வளவு சத்தமா வரும்?” அதைச் சொல்லிவிட்டு டீச்சர் அழுததை மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டில் மெஷின் நன்றாக வேலை செய்தது. தெருவில் என் குரலைக் கேட்டுத் தானாகத் திரும்பினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கூடத்தில் அது அவரைக் கொன்றது. எந்தச் சத்தம் வேண்டும், எது வேண்டாம் என்று அந்தக் குட்டி மெஷினுக்குத் தெரியவில்லை. நாற்காலி இழுபடுவதையும் பெருக்கியது, கண்ணாடியில் மோதி வருவதையும் பெருக்கியது. பிள்ளைகளின் பேச்சு அடியில் நசுங்கிக் கிடந்தது. மத்தியானத்துக்குள் தலைவலி மண்டையைப் பிளக்கும். கழற்றினால் பழையபடி தண்ணீருக்குள் தலை.

சின்ன டீச்சர் தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினாள். சுவரில் சத்தத்தை விழுங்கும் பலகைகள் ஒட்டலாம், நடுவே மடக்குத் தட்டி வைக்கலாம், மேசைக்கு ஒரு சின்ன மைக் வைத்தால் பேச்சு நேராகக் காது மெஷினுக்கே போகும் என்று தேடிப் படித்துவந்து சொன்னாள். தலைமையாசிரியை தலையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குப் புரியாம இல்லம்மா. இப்பத்தான் சுவர எடுத்திருக்கேன். ஒரே வருஷத்துல தட்டி வெச்சா, இந்தத் திட்டமே தோத்துப்போச்சுன்னு மேல சொல்லிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க.”

பெற்றோர் பொறுக்கவில்லை. டீச்சரின் மேசைகளில் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம் என்று ஒவ்வொருவராக வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். குரலைத் தாழ்த்தத் தேவையே இல்லை. கடைசியில் தலைமையாசிரியை அவரை டேப்லட் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. காலையில் டேப்லட்களை எடுத்துக்கொடுத்து, மாலையில் வாங்கித் துடைத்து, சார்ஜில் போட வேண்டும். இடையில் பிள்ளைகள் பதிந்த பேச்சுகளைக் கேட்டு மதிப்பெண் போடலாம்.

அங்கே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால், டேப்லட்டை வாயருகே பிடித்துப் பேசிய ஒவ்வொரு குழந்தையின் குரலும் சுத்தமாகக் கேட்டது. எந்தப் பெண் ‘ழ’வை அழகாகச் சொல்கிறாள், எந்தப் பையன் வாக்கியத்தின் கடைசியில் மூச்சுக்குத் தவிக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அந்த இருட்டறையில்தான் தெரிந்தது. நிறையப் பேச்சுகளில் அவர் “ரொம்ப நல்லா இருக்கு” என்று சொன்ன இடங்களும் இருந்தன. ஒரு மேசையில் பிள்ளைகள் ஒருவனை அழ அழக் கேலி செய்துகொண்டிருந்தபோதும் அவர் குரல் வந்து அப்படியே சொல்லிவிட்டுப் போயிருந்தது. அதை அவர் கடைசிவரை கேட்டார். மதிப்பெண் போடவில்லை.

பஞ்சு தேறி வந்தாள். டேப்லட் அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் நின்று, “வணக்கம் டீச்சர்!” என்று கத்துவாள். கழுத்து நரம்பு புடைக்கும், கத்தியதும் இருமல் வரும்.

“கத்தாதேம்மா. மெஷின் இருக்கு பாரு. மெதுவாப் பேசினாலும் கேக்கும்.”

“சரி டீச்சர்!” என்று இன்னும் சத்தமாகக் கத்துவாள்.

எல்லாரிடமும் அப்படித்தான் கத்துகிறாளாம். வீட்டிலும் கத்துகிறாள், கடையில் மிட்டாய் கேட்டாலும் கத்துகிறாள் என்று அவள் அம்மா சின்ன டீச்சரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளிடையே அவள் பட்டப்பெயரும் போய்விட்டது. இதைக் கேட்ட மறுநாள் டீச்சர், வருஷக் கடைசியோடு வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தார். ஓய்வுபெற இன்னும் வருஷங்கள் இருந்தன. கணவர் தடுக்கவில்லை. “கடைக்கு வா. ஃபிரேம் துடைக்க ஆள் இல்ல” என்றார்.

டீச்சர் வேலையை விட்ட மறு வருஷம் கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது. சில பிள்ளைகள் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள். இப்போது தலைமையாசிரியை தானாகவே முன்வந்தார். சுவருக்குப் பலகை வந்தது, தரைக்கு விரிப்பு வந்தது, நடுவே மடக்குத் தட்டிகள் வந்தன. மேசைக்கு மேசை மைக்கும் வந்தது. சின்ன டீச்சர் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து, டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, வந்து ஒரு தடவ பாருங்க. நான் அன்னைக்குச் சொன்னதெல்லாம் செஞ்சிருக்காங்க.”

டீச்சர் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முன்போலவே நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், திரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அந்தந்த மேசையிலேயே நின்றது. அவர் ஒரு மேசைக்குப் பின்னால் போய் நின்றார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பையன், திரும்பாமலே பக்கத்துப் பெண்ணிடம் சொன்னான்: “நீ போட்ட நிலா ரொம்பப் பெருசு. அப்புறம் வீடு எங்க வைக்கறது?”

அவருக்குக் கேட்டது. வாயைப் பார்க்காமல், முதல் தடவையிலேயே, ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்து, நிற்பது யார் என்று தெரியாமல் பார்த்தாள். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது ஆசிரியை அடுத்த மேசையிலிருந்து மரியாதையாகச் சிரித்தாள். டீச்சர் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார். சின்ன டீச்சரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் நான் கடையில்தான் இருந்தேன், என் கண்ணாடிக்கு மூக்குப்பிடி மாற்ற. கணவர் பழக்க தோஷத்தில் மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கேட்டார்: “எப்படி இருந்துச்சு?”

“நல்லாக் கேட்டுச்சுங்க” என்றார் டீச்சர். ஃபிரேம் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே துடைத்து வைத்த ஃபிரேம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.